சுருட்டின் சுவையும் சாம்பலின் சாட்சியும்

ஒரு பொருளின் தரத்தை அறிந்து உரைப்பதும் ஒரு கல்வியே. அத்தரைப் புறங்கையில் தடவி அதன் பழமையைச் சொல்வோர் உண்டு. முத்தின் நீரோட்டம் கண்டு விலை மதித்த வணிகர்கள் நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்தனர். அத்தகைய மதிப்பீட்டுக் கலை ஒன்று சுருட்டுக்கும் உண்டு. புகைக்கும் பழக்கத்தைப் போற்றுவதற்காக இதனை எழுதப் புகவில்லை. அக்கலை எதனைக் கூறிற்று, எதனைக் கூறாது விட்டது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே நம் நோக்கம்.

உறையூரிலிருந்து உலகுக்கு

ஆங்கிலேயர் 'செரூட்' என வழங்கும் சொல், நம் 'சுருட்டு' என்னும் சொல்லின் திரிபேயாகும். பதினேழாம் நூற்றாண்டிலேயே அது அவர்தம் மொழியில் இடம் பெற்றுவிட்டது. சோழரின் பழந்தலைநகராகிய உறையூர், பிற்காலத்தில் சுருட்டுக்குப் பெயர் பெற்றது. திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை அங்கு வந்து, தொழிலாளர் கைகளில் உருண்டு, 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்னும் பெயருடன் கடல் கடந்தது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனமும் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது.

இதன் புகழுக்கு ஒரு சான்று போதும். 1887ஆம் ஆண்டு வெளிவந்த, ஆர்தர் கோனன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டு, அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் எனத் துணிகிறார். கருநிறமும் செதில் செதிலாக உதிரும் இயல்பும் அவருக்கு அடையாளமாயின. காவிரிக் கரையின் கைவினை, இலண்டன் மாநகரின் கற்பனைக் கதையில் சாட்சி சொல்லிற்று!

துறைமுகத்தருகே ஒரு பெட்டி

சுருட்டு கடலேறிய துறைகளுள் சென்னையும் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்நாளில் இங்குத் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கப்பலுக்கு ஏற்றின. 1875இல் தொடங்கிய துறைமுகப் பணியை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அத்துறைமுகத்தைச் சுற்றி இராயபுரமும் திருவொற்றியூரும் உழைப்பாளர் ஊர்களாக வளர்ந்தன.

என் பாட்டனார் இராயபுரத்தில் வாழ்ந்தவர்; துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியபின் சுருட்டை அடியோடு விட்டார். ஆயினும் அதற்குமுன் வாங்கிய உறையூர்ச் சுருட்டுப் பெட்டி ஒன்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மரப்பேழைக்குள் கிடந்தது. 1982இல் அதனை வெளியே எடுத்து, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய தம் நண்பரிடம் ஒப்படைத்தார். நான் அப்போது மதரஸாவில் ஓதிவந்த சிறுவன்.

நண்பர் உடனே பற்றவைக்கவில்லை. முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வண்டு துளைத்தவற்றை ஒதுக்கினார். கடற்காற்றின் ஈரத்தால் பூசணம் படர்ந்தவற்றையும் விலக்கினார். எஞ்சிய சிலவற்றை விரலால் மெல்ல அழுத்திக் காதருகே கொண்டுபோனார். சருகுபோல் ஒலித்தால் இலை வறண்டுவிட்டது. பஞ்சுபோல் அமுங்கினால் ஈரம் மிகுதி. பின்னர் தீயின்றியே ஒரு முறை இழுத்து, காற்றுத் தடையின்றி வருகிறதா என்று சோதித்தார். அதன் பின்னரே நெருப்பு.

"தம்பி, புதுச் சுருட்டு மூக்கைக் குத்தும். இது குத்தவில்லை பார். பழைய மரமும் கருப்பட்டியும் கலந்தாற்போல் மணக்கிறது" என்றார். முதற்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றின் சுவையையும் தனித்தனியே சொன்னார். கடைசியில் சாம்பலைத் தட்டாமல் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பாட்டனார் புன்னகையுடன் கேட்டுக்கொண்டிருந்தாரேயன்றி, கை நீட்டவில்லை.

காலம் செய்யும் வேலை

அப்பெரியவர் அனுபவத்தால் அறிந்ததை அறிவியல் விளக்குகிறது. பாடம் செய்த இலைகளை அடுக்கிப் புழுங்க வைக்கும்போது வெப்பம் உண்டாகி அம்மோனியா வெளியேறுகிறது. மூக்கைக் குத்துவது அதுவே. ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சிய காரமும் தணிந்து மணம் ஒன்றுபடுகிறது. சாம்பலும் வெறும் கழிவன்று. இலையில் மக்னீசியம் மிகுந்தால் சாம்பல் வெளுக்கும். குளோரைடு மிகுந்தால் தீ சரிவரப் பற்றாது. எனவே சாம்பலைப் பார்ப்பவர் மண்ணையும் கிணற்று நீரையும் பார்க்கிறார் எனலாம்.

ஆனால் அதே அறிவியல் மற்றொன்றும் கூறுகிறது. இலையைப் பாடம் செய்து புழுங்க வைக்கும் அதே வேளையில்தான் நைட்ரோசமின் என்னும் நச்சுப் பொருள்களும் அதில் உருவாகின்றன. அவற்றுள் இரண்டை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. நாவு 'கனிந்தது' என்று போற்றும் இலைக்குள், நாவறியாத கேடும் குடியிருக்கிறது. காலம் காரத்தைத் தணிக்கும், கேட்டைத் தணிக்காது.

அறிஞர்களின் வழக்கு

இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. 1604ஆம் ஆண்டையொட்டி பீஜப்பூரிலிருந்து திரும்பிய அஸத் பேக், அக்பரின் அவையில் புகையிலையை வைத்தபோது அரண்மனை மருத்துவர் மறுத்துரைத்தார். ஜஹாங்கீர் 1617இல் அதனைத் தடை செய்தார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடை விதித்தார்.

எகிப்தில் ஒரே மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இரு பேரறிஞர்கள் எதிரெதிரே நின்றனர். இமாம் இப்ராஹீம் அல்லகானீ (ஹிஜ்ரி 1041இல் மறைவு) விலக்குமாறு எழுதினார். இமாம் அலீ அல்உஜ்ஹூரீ (ஹிஜ்ரி 1066இல் மறைவு) அறிவை மயக்காத அளவில் ஆகுமென எழுதினார். திமிஷ்கின் அப்துல் கனீ நாபுலுஸீயும் (ஹிஜ்ரி 1143இல் மறைவு) அனுமதிக்கும் தரப்பில் நூலியற்றினார். ரஹ்மத்துல்லாஹி அலைஹிம்.

இவர்களை நாம் எளிதில் குறை கூறலாகாது. அவர்கள் முன் இருந்தவை மணமும் சுவையும் மயக்கமும் மட்டுமே. நுரையீரலின் உள்ளே நிகழ்வதைக் காட்டும் கருவி அன்று எவரிடமும் இல்லை. தீங்கு தருவதை விலக்குக என்னும் விதியில் இரு தரப்பாரும் வேறுபடவில்லை. தீங்கு உண்டா என்பதே வழக்கு. அதற்குச் சான்று பிந்தி வந்தது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கைக்குப் பின் வழக்கின் தன்மையே மாறிற்று. அதன்பின் நம் காலத்து முஃப்திகள் பலர் ஹராம் எனத் தீர்ப்பளித்தனர்.

நாவு சொல்லாதது

அந்நண்பர் அதற்குப்பின் இரண்டாண்டுகளே வாழ்ந்தார். நாவால் தீர்ப்புச் சொன்னவருக்கு நோயும் நாவிலேயே வந்தது. கடைசி மாதங்களில் அவரால் பேச இயலவில்லை. பாட்டனார் தினந்தோறும் சென்று அருகிலே அமர்ந்திருப்பார். ஒருநாள் திரும்பிவந்து, "நான் அந்தப் பெட்டியைக் கடலில் போட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசியதை நான் கேட்டதில்லை.

உறையூர்த் தொழிலாளியின் கைத்திறன் மெய். அதை மதிப்பிட்ட அப்பெரியவரின் நுட்பமும் மெய். அவ்விரண்டையும் வரலாற்றிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. எனினும் சுவையறிவு தரத்துக்குச் சாட்சியாகுமேயன்றி, நன்மைக்குச் சாட்சியாகாது. ஒரு பொருளைப் போற்றுமுன் நாவையும் கேட்போம், மருத்துவரையும் கேட்போம், அதன் நிமித்தம் மெலிந்த உடல்களையும் கேட்போம். மூன்று சாட்சிகளையும் கேட்டபின் வழங்கும் தீர்ப்பே நீதியான தீர்ப்பாகும்.