பிங்: ஒரே இரவில் பிறந்த கட்டளை

“லைன் இல்ல டீச்சர்.” 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, இல்லிருப்புக் கற்றல் வந்ததும் ரிங்லெட் போன்ற மலைத் தோட்டப் பகுதிகளில் அடிக்கடி கேட்ட சொல் இது. கோளாறு எங்கே? வீட்டுக் கணினியிலா, மோடத்திலா, தொலைவில் உள்ள சர்வரிலா? இதைக் கண்டறிய உதவும் கட்டளைதான் பிங்.

1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் இணைய வலையமைப்பு தடுமாறியது. அங்குப் பணியாற்றிய மைக் மூஸ், காரணம் தேட ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். விடிவதற்குள் முடித்தும் விட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பிங்கை அனுப்புமுன்பே சக ஊழியர் ஒருவர் பழுதைச் சரிசெய்துவிட்டார்! ஆனாலும் நிரல் வீண்போகவில்லை. பெர்க்லி யூனிக்ஸ் வழியாகப் பரவி, இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பெயர் எப்படி வந்தது? நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தூரத்தை அறியும். அந்தச் சோனார் ஒலியையே மூஸ் பெயராக வைத்தார். பிங்கும் அப்படித்தான். ‘இருக்கிறாயா?’ என்று சிறு செய்தி போகும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். போய்வந்த நேரம் மில்லிவினாடியில் தெரியும். இதற்கான ஐசிஎம்பி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரில் வெளியிட்டிருந்தார்.

சோதிக்கும் வரிசை முக்கியம், மாணவர்களே. முதலில் 127.0.0.1, இது நம் கணினியையே குறிக்கும். அடுத்து வீட்டு மோடத்தின் முகவரி. அதன்பின் வெளியே உள்ள ஓர் இணையதளம். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ, அங்கிருந்து தேடலாம். மோடம் வரை பதில் வந்து வெளியே வராவிட்டால், பிள்ளை சாக்குச் சொல்லவில்லை என்று நாமும் புரிந்துகொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பாதுகாப்புக்காகச் சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் தருவதில்லை. ஆகவே, பதில் இல்லை என்பதால் மட்டும் அந்தச் சர்வர் செயலிழந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. தேர்வில் எழுதும்போதும் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள்.

மைக் மூஸ் 2000 நவம்பரில் சாலை விபத்தில் காலமானார். வேறு பல மென்பொருள்களையும் அவர் உருவாக்கியிருந்தார். உலகம் அவரை நினைப்பது அந்த ஓர் இரவு வேலைக்காக.