பி12 உயிர்ச்சத்தும் வேலூர் ஆய்வும்

பி12 உயிர்ச்சத்தைத் தாவரங்கள் ஆக்குவதில்லை, விலங்குகளும் ஆக்குவதில்லை. அதை ஆக்க வல்லவை பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களே. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஈரலிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் நேரும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. மனிதப் பெருங்குடலில் பி12 ஆக்கும் பாக்டீரியாக்கள் ஏராளம். உடல் அதை உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைப்பகுதி. அதற்குக் கீழே விளைவது பயன்படாமல் மலத்தோடு கழிந்துவிடும். சிறுகுடலின் மேற்பகுதியில் பாக்டீரியாக்கள் மிகக் குறைவு என்றே மேலைநாட்டு மருத்துவம் கொண்டிருந்தது. அவ்வாறாயின், புலாலும் பாலும் அரிதாகவே பெறும் ஏழை மக்களுள் பலர் கடுங்குறைபாடின்றி வாழ்வது எங்ஙனம்?

விடையின் ஒரு பகுதி வேலூரிலிருந்து வந்தது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் 'ஸ்புரூ' என்னும் வெப்பமண்டலக் குடல்நோயை ஆராய்ந்து வந்தனர். 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் அந்நோய் கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. நோயாளிகளோடு ஒப்பிடும்பொருட்டு நலமுடையோரின் குடலையும் அவர்கள் சோதித்தனர். நலமுடையோரின் சிறுகுடலிலும் பாக்டீரியாக்கள் கணிசமாக வாழ்வதை 1972இல் வெளியான கட்டுரை காட்டியது. மேலைநாட்டு அளவுகோலால் நோய்க்குறி எனக் கருதத்தக்கது இங்கு இயல்பாயிருந்தது. 1980இல் எம். ஜான் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் அடுத்த படியை வெளியிட்டனர்: சிறுகுடலில் வாழும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் இனங்கள் பி12 ஆக்க வல்லவை. அதாவது, உறிஞ்சும் இடத்தைக் கடக்குமுன்பே அச்சத்து குடலில் உருவாகக்கூடும்.

இவ்வாய்வைச் சான்றுகாட்டி, தாவர உணவு உண்போர்க்குப் பி12 பற்றிய கவலையே வேண்டா எனச் சிலர் வாதிடுகின்றனர். அது பொருந்தாது. ஆக்க வல்லது என்பது வேறு. உடலின் தேவையை நிறைவு செய்கிறது என்பது வேறு. இந்தியாவில் பி12 குறைபாடு இன்றும் பரவலாக உள்ளது. மேலும், குடலில் தேக்கம் நேர்ந்து பாக்டீரியாக்கள் மிகும்போது, உணவில் வரும் பி12ஐ அவையே கவர்ந்துகொள்கின்றன. கொடுப்பதும் பறிப்பதும் ஒரே குடலில் நிகழ்வன. எனவே, புலால் தவிர்ப்போர் குருதியில் பி12 அளவைச் சோதித்து, மருத்துவர் அறிவுரைப்படி நடப்பதே முறை.