சேலத்தில் ஒரு பட மில்

சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ பற்றி எழுதுகிறவர்கள் யார் நடித்தார், யார் பாடினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். முதலாளி டி.ஆர். சுந்தரம் எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். திருச்செங்கோட்டுக்காரர். நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நூல் மில்லில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

1930-களின் தொடக்கத்தில் தமிழ்ப் பேசும்படம் எடுக்கவேண்டும் என்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகவேண்டும். நடிகர், பின்பாட்டு, சமையல்காரர் என்று ஒரு பட்டாளத்தையே ரயிலேற்றிக் கொண்டுபோய், அங்கே ஸ்டூடியோ வாடகையும் கொடுத்து, பாஷை தெரியாதவர்களிடம் வேலை வாங்கவேண்டும். சுந்தரமும் ஏஞ்சல் பிலிம்ஸ் கூட்டாளியாக அந்தப் பாட்டைப் பட்டவர்தான். நம் பஞ்சை வெளியூரில் கொடுத்து நூற்று வாங்குவது கட்டுபடியாகாது என்பது நூல் வியாபாரிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1935-ல் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது.

முதல் படம் 1937-ல் வந்த ‘சதி அகல்யா’. கதாநாயகி இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி. அகல்யையாக நடிப்பவர் நீச்சல் உடையில் எடுத்துக்கொண்ட படம் வெளியாகி ஊரே பேசியது. மறுவருஷம் ‘பாலன்’. மலையாளத்தின் முதல் பேசும்படம் சேர்வராயன் மலையடிவாரத்தில் எடுக்கப்பட்டது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் ஒரு மிதப்பு உண்டு. அதை இயக்கிய நொட்டாணி மலையாளியும் அல்ல, தமிழரும் அல்ல.

காம்பவுண்டுக்குள் எல்லாம் இருந்தது. தளம், செட் போடும் தச்சர்கள், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங். நடிகர்களில் பலருக்கும், எழுத்தாளர்களுக்கும், எலக்ட்ரீஷியனுக்கும் மாதச் சம்பளம். கவிஞன் என்றாலும் காலையில் வந்தாகவேண்டும். கலைஞர் கருணாநிதி, கண்ணதாசன் இருவருமே இங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். பாரதிதாசன் ‘வளையாபதி’க்கு வசனம் எழுதினார். வளையாபதிக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்தது எழுபது சொச்சம் பாட்டுதான். அதை முழுநீளப் படமாக்கி 1952-ல் வெளியிட்டுவிட்டார்கள். சரக்கு குறைவு என்று மெஷினை நிறுத்தி வைக்கிற வழக்கம் அங்கே இல்லை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1950. அந்த ஒரே வருஷத்தில் ‘பொன்முடி’, ‘மந்திரி குமாரி’, ‘திகம்பர சாமியார்’ மூன்றும் வந்தன. முதல் இரண்டுக்கும் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்டர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்து நல்ல பெயர் வாங்கியவர். ‘மந்திரி குமாரி’ முடிவதற்குள் அவர் ஊருக்குத் திரும்பவேண்டி வந்தது. வேறு கம்பெனியாக இருந்தால் படம் பெட்டிக்குள் போயிருக்கும். இங்கே மீதியை முதலாளியே எடுத்து முடித்தார். டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஒரு மேஸ்திரி லீவு போட்டால் ஷிப்டு நிற்குமா என்ன? கதை குண்டலகேசியிலிருந்து எடுத்தது. மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளக் கூட்டிப்போகிறவனை அவளே தள்ளிவிடுகிற காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யுத்த காலத்தில் சர்க்காருக்காகப் பிரசாரப் படம் எடுக்கவேண்டிய கட்டாயம் வந்தபோதும் அப்படித்தான். ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜப்பான் அதிகாரி வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டார். 1956 பொங்கலுக்கு ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1961-ல் ‘கண்டம் பெச்ச கோட்டு’, மலையாளத்தின் முதல் வண்ணப் படம். தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், போதாததற்கு ஹாலிவுட் நடிகர் ராட் கேமரனை வைத்து ‘தி ஜங்கிள்’ என்று ஓர் ஆங்கிலப் படம். மொத்தம் நூறு படங்களுக்கு மேல். எல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். தேதிக்குத் தயாரான படங்கள்.

1963-ல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பறியும் படங்களாக எடுத்தார். எங்கள் வயசுப் பையன்களுக்கு அவைதான் மாடர்ன் தியேட்டர்ஸ். நானும் விசில் அடித்தவன்தான். ஆனால் தொழில் மாறிவிட்டிருந்தது. நடிகர்கள் எல்லாம் சென்னைக்காரர்களாகிவிட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு எந்த ஹீரோவும் வரமாட்டார், கால்ஷீட்தான். அவர் தேதி கொடுக்கிற நாளில் சேலத்துத் தளம் ஓடும். மற்ற நாளில் தச்சனும் லைட்மேனும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சம்பளம் ஓடும். பிறகு செட்டே வேண்டாம், பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் போய் நிஜ வீட்டில் எடுக்கலாம் என்ற காலமும் வந்தது. காமிராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எவனும் படம் பண்ணலாம் என்றான பிறகு, இத்தனை பேரை வருஷம் முழுக்க வைத்துச் சோறு போடுகிற ஸ்டூடியோ எப்படி நிற்கும்? பஞ்சு விலை ஏறி மூடிய மில்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே விலை ஏறியது ஆளுக்கு.

1980-களில் படப்பிடிப்பு அடியோடு நின்றது. நிலம் வீட்டுமனைகளாகிவிட்டது. ஏற்காடு சாலையில் மிச்சமிருக்கும் நுழைவு வளைவு நிற்கிற இடம் யாருக்குச் சொந்தம் என்று சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தகராறு கிளம்பி, பத்திரிகைகளில் நாலு நாள் அடிபட்டது.