தூண்டில் வாங்கப் போன கதையும் அப்புச்சி சொன்ன மீனும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னிக்கு கொஞ்சம் வரலாறு. பயப்படாதீங்க, மன்னர்கள், போர்கள் எல்லாம் கிடையாது. வெறும் தூண்டில் வரலாறுதான்.

நமக்கு ஊர் ஜேடர்பாளையம் பக்கம். அப்புச்சி காவிரியில மீன் புடிச்சது மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு இவ்வளவுதான். செலவு பத்து ரூபா தாண்டாது. நான் சென்னையில பொட்டி தட்டுறவன் ஆச்சே! முட்டுக்காடு கழிமுகத்துல கொடுவா புடிக்கணும்னு கூட வேலை செய்யற நண்பர் உசுப்பேத்த, பெயிட்காஸ்டிங் ராடும் ரீலும் தேட ஆரம்பிச்சேன். பட்ஜெட் மூவாயிரம். தேடல் எங்கெங்கோ போயிருச்சு.

இந்த ரீலைச் செம்மையா செஞ்சவங்க கடிகாரம் செய்யறவங்க. 1800களின் தொடக்கத்துல அமெரிக்காவின் கென்டக்கியில ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒருத்தர், கடிகாரத்துல இருக்கற மாதிரி பல்சக்கரம் வச்சு, கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா உருளை பல சுத்து சுத்தற மாதிரி செஞ்சார். கையால செஞ்ச பித்தளை, வெள்ளி வேலை. வசதியானவங்க மட்டுமே வாங்க முடியும். நரம்பு ஒரே இடத்துல குவியாம சீரா சுத்தறதுக்கான அமைப்புக்கு 1897ல காப்புரிமை வாங்கினவர் பேரு வில்லியம் ஷேக்ஸ்பியர். (நாடகம் எழுதினவர் இல்லீங்க!)

ஆனா பெரிய தலைவலி ஒண்ணு தீரவே இல்ல. வீசும்போது உருளை வேகமா சுத்தும். தூண்டில் இரை காத்துல வேகம் குறையும், உருளை குறையாது. வெளிய போற நரம்பை விட அவிழற நரம்பு அதிகம். விளைவு, தூக்கணாங்குருவி கூடு மாதிரி ஒரு சிக்கு. இதுக்கு நல்ல மருந்து குடுத்தது ஸ்வீடனின் ஆபு கம்பெனி. டாக்ஸி மீட்டர் செஞ்சுட்டு இருந்தவங்க. இரண்டாம் உலகப்போர்ல டாக்ஸி ஓடாததால ரீலுக்கு மாறினாங்க. 1950கள்ல அவங்க கொண்டுவந்த அம்பாசடர் ரீல்ல, உருளை வேகமா சுத்தச் சுத்த தானா அழுத்தற பிரேக் இருந்துச்சு. 1980கள்ல காந்த பிரேக்கும் வந்துச்சு. இன்னிக்கு மலிவு ரீல்லயே அந்தக் காந்தத் திருகு இருக்கு. ஸ்னைடர் காலத்துப் பணக்காரனுக்குக் கிடைக்காதது, நம்ம மூவாயிரத்துக்கு!

அதனால மலிவா வாங்கறவங்க பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. பிரேக் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாருங்க. ராடு ஆறரை, ஏழு அடி, மீடியம் போதும். எத்தனை கிராம் இரைன்னு ராட்லயே எழுதியிருக்கும். 10 கிராமுக்குக் கீழன்னா சாதா ஸ்பின்னிங் ரீலே மேல். கைப்பிடியை இடம் வலம் மாத்த முடியாது, பார்த்து வாங்குங்க. உப்புத்தண்ணியில புடிச்சா வீட்டுக்கு வந்ததும் நல்லதண்ணியில அலசிடுங்க.

இனிமேதான் விஷயம். இதைத் தேடறப்போ காவிரியே வந்து நின்னுச்சு. சென்னை மாகாண சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873லயே இந்தியத் தூண்டில் பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கார், மஹ்சீர் பத்தி விலாவாரியா. 1946ல கபினியில வான் இங்கன்ங்கறவர் தூண்டில்ல புடிச்ச மஹ்சீர் 120 பவுண்டு. அதாவது 54 கிலோ!

படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புச்சியோட அப்பா மேட்டூர் அணை கட்டறப்போ (1925ல ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சது) கல்லு சுமந்தவர். அங்க ரெண்டு ஆளு சேர்ந்து தூக்கற கெண்டையைப் பார்த்ததா அப்புச்சி சொல்வார். காலேஜ் படிக்கறப்போ, "அப்புச்சி, போன தடவை ஒரு ஆளுதான தூக்குனாங்க?"ன்னு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணினேன். அவர் சிரிச்சுட்டுப் பேசாம இருந்துட்டார். அதுக்கப்புறம் மீன் கதையே சொல்லல.

அந்தத் திமில் மஹ்சீர் இன்னிக்கு அழிவின் விளிம்புல இருக்கு. அணைகள் வலசைப் பாதையை மறிச்சுது. மணல் அள்ளினோம், வெடி போட்டோம். போதாக்குறைக்கு, மீன் வளரட்டும்னு நல்லெண்ணத்துல 1970கள்லருந்து லோனாவாலா பொரிப்பகத்து வேற வகை மஹ்சீரைக் கொண்டுவந்து விட்டாங்க. அது பெருகி இதை ஓரங்கட்டிருச்சு. இதெல்லாம் நடந்து முடிஞ்சு, 2018லதான் இதுக்கு 'டார் ரெமாதேவி'ன்னு அறிவியல் பேரே உறுதியாச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள மீனே போகப் பாத்துச்சு.

மூவாயிரத்துக்கு ரீல் வாங்கியாச்சு. முதல் நாளே குருவிக்கூடு. கொடுவா இன்னும் சிக்கல. சிக்கினா, சின்னதை விட்டுடறதுன்னு முடிவு.

அப்புச்சி போய் நாலு வருஷம் ஆச்சு. 54 கிலோ கணக்கைக் காட்டி மன்னிப்புக் கேக்க இப்ப ஆள் இல்ல.

டிஸ்கி: உங்க வீட்டுப் பெருசுங்க சொன்ன மீன் கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. சிரிக்க மாட்டேன்.