எட்டாயிரம் கிலோமீட்டர் நடந்த சிறுமி

அமல் என்ற சிரிய அகதிச் சிறுமியின் உயரம் மூன்றரை மீட்டர். பிரம்பாலும் கார்பன் இழையாலும் அவளை உருவாக்கியவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவினர். அதற்கு முன்பே அவள் ஒரு நாடகப் பாத்திரம். 2015-ல் பிரான்சின் கலே அகதி முகாமுக்குள், ஜோ மர்ஃபி, ஜோ ராபர்ட்சன் என்ற இரு பிரிட்டிஷ் நாடகாசிரியர்கள் கூடாரம் போட்டு அரங்கு நடத்தினார்கள். அங்கே கண்டதை வைத்து அவர்கள் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாடகத்தில் வரும் சின்னப் பெண்தான் பின்னால் மேடையை விட்டுத் தெருவில் இறங்கினாள்.

அவளை நடக்கவைப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. பொய்க்கால் கட்டிய ஒருவர் உள்ளே நின்று நடக்கிறார். அவரே கயிறுகளை இழுத்து முகத்தையும் அசைக்கிறார். கைக்கு ஒருவராக இருவர். முதுகைத் தாங்க இன்னொருவர். நால்வரும் ஒரே மூச்சாக அசைந்தால்தான் அந்தக் குழந்தை தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும்.

2021 ஜூலை 27 அன்று, சிரிய எல்லைக்கு அருகில் உள்ள துருக்கி நகரமான காஸியான்டெப்பிலிருந்து அம்மாவைத் தேடிப் புறப்பட்டாள். பயணத்தின் கலை இயக்குநர் பாலஸ்தீனரான அமீர் நிஸார் சுவாபி. போன ஊர்களில் எல்லாம் உள்ளூர்க் கலைஞர்களே வரவேற்பை அமைத்தார்கள். இந்தப் பயணத்தின் உயிரே அதில்தான் இருந்தது என்பேன். வெளியூர்க் குழு ஒன்று வந்து காட்டிவிட்டுப் போகும் வேடிக்கையாக அது முடியவில்லை. அந்தந்த ஊர் தன் பாட்டோடும் தாளத்தோடும் ஒரு அகதிக் குழந்தையை எதிர்கொண்டது.

எல்லா ஊரும் அப்படி இல்லை. கிரீஸில் மெட்டியோரா மடாலயங்கள் இருக்கும் பகுதியில் அவள் நடக்க நகரசபை மறுத்தது. லாரிசாவில் கல்லெறிந்தார்கள். கல் விழுந்தது பொம்மை மேல் என்றாலும், குறி வைத்தது யாரை என்பது அங்கிருந்த அகதிகளுக்குத் தெரியும். வத்திக்கானிலோ போப் பிரான்சிஸே அவளைச் சந்தித்தார். எட்டு நாடுகளைக் கடந்து, 8,000 கிலோமீட்டருக்குப் பின், நவம்பர் 3 அன்று மான்செஸ்டர் வந்து சேர்ந்தாள். 2022-ல் போரில் சிக்கிய உக்ரைனின் லிவிவ் நகருக்கும் நியூயார்க்குக்கும் போனாள். 2023-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தாள்.

பொம்மையிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. கலைஞர்களிடம் கேட்கிறார்கள். அமலை ஆட்டுவித்தவர்களில் அகதி வாழ்க்கையை வாழ்ந்தவர்களும் உண்டு. கலாசார ஒத்துழைப்பு என்று ஒப்பந்தம் போடும் அரசுகளிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது: அழைப்புக் கடிதத்தோடு தூதரக வாசலில் நிற்கும் கலைஞருக்கு, அவர் எந்த நாட்டவரானாலும், நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே விசா கொடுங்கள்.