சிப்ஸ் பாக்கெட் உப்புதா? அப்போ ஜன்னலுக்கு வெளியே பாருங்க! - மேட்டுப்பாளையம் டு ஊட்டி, உயரத்தோடு மாறும் விளைச்சல்

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது வாங்கிய சிப்ஸ் பாக்கெட், குன்னூர் வருவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருக்கும். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் பட்டென்று திறக்கும். ஊட்டிக்குப் போய்வந்த எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பாக்கெட்டை உப்ப வைக்கிற அதே விஷயம்தான், வெளியே பாக்குத் தோப்பைத் தேயிலைத் தோட்டமாகவும், தேயிலையை கேரட் வயலாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறது. நாம்தான் போனைப் பார்த்துக்கொண்டே அதை மிஸ் பண்ணிவிடுகிறோம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், அந்தத் தூரத்துக்குள் நாம் செங்குத்தாக கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். தரையில் வடக்கே எத்தனையோ நூறு கிலோமீட்டர் பயணம் போனால் கிடைக்கிற குளிரை, மலை மூன்று மணி நேரத்தில் கொடுத்துவிடும்.

சூரியனுக்குப் பக்கத்துல போனா சுடத்தானே செய்யணும்?

ஸ்கூலில் எல்லோருக்கும் வந்த சந்தேகம் இது. விடை சிம்பிள். சூரியன் காற்றை நேரடியாகப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. அது தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று மேலே ஏறும்போது, அங்கே அதை அழுத்தப் போதுமான காற்று இல்லை. அதனால் விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூப் வால்வைத் திறந்துவிட்டால் வெளியே வரும் காற்று ஜில்லென்று இருக்குமே, அதே கதைதான். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் அடைபட்ட கீழ்நாட்டுக் காற்றும் வெளியே அழுத்தம் குறைந்ததும் விரியப் பார்க்கிறது. பாக்கெட் விடவில்லை, அதனால் உப்பி நிற்கிறது.

சராசரிக் கணக்கு: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது, 150 மீட்டர் ஏறினால் 1 டிகிரி. இந்த 150-ஐ மட்டும் மனசில் வெச்சுக்கோங்க, கட்டுரையின் கடைசியில் தேவைப்படும். மேட்டுப்பாளையத்தில் மதியம் 36 டிகிரி கொளுத்தினால், இந்தக் கணக்குப்படி ஊட்டியில் 23, 24 டிகிரி இருக்கணும். மே மாதத்தில் அங்கே கிட்டத்தட்ட அதுதான் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. குளிர்கிறதே என்று ஊட்டியில் சன்ஸ்கிரீனைத் தூக்கிப்போட வேண்டாம். காற்று மெலிந்த இடத்தில் புற ஊதாக் கதிர்கள் கூடுதலாகவே வந்து சேரும். 'ஊட்டிக்குப் போய் கறுத்துட்டு வந்தேன்' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே பருப்பு வேக லேட்டாவதும் இதே மெலிந்த காற்றால்தான். தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 93-ஐ நெருங்கும்போதே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே குடும்பம் நடத்துவது கஷ்டம்.

ஜன்னலோரம் மாறும் படம்

மலை ஏறத் தொடங்கும் இடமான கல்லாறில் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடம். இங்கே இருக்கும் அரசு பழப்பண்ணையில் மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் விளைகின்றன. மலேசியா, தாய்லாந்துப் பக்கத்துப் பழங்கள், உறைபனி என்றால் என்னவென்றே தெரியாதவை. சீசனில் பர்லியார் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். அதே பழ மரத்தைக் கொண்டுபோய் ஊட்டியில் நட்டால் பிழைக்காது.

இன்னும் ஏறினால் மிளகும் காபியும் எட்டிப்பார்க்கும். காபியிலேயே உயர வித்தியாசம் உண்டு. ரோபஸ்டா 500 முதல் 1,000 மீட்டர் வரை சந்தோஷமாக இருக்கும். அராபிகாவுக்கு 1,000 முதல் 1,500 மீட்டர் வரை தோது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். அவசரப்படாமல் பழுத்த கொட்டை கெட்டியாக இருக்கும், மணமும் கூடும். கஃபே மெனுவில் காபியின் பெயருக்குக் கீழே மீட்டர் கணக்கு போட்டிருப்பது பந்தா அல்ல, அது ஒருவகையில் ருசிக்கான தகவல்.

குன்னூர் நெருங்கும்போது தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். உயரத்தை வைத்தே டீயைத் தரம் பிரிக்கிற ஊர் இலங்கை. அங்கே 600 மீட்டருக்குக் கீழே விளைவது ஒரு வகை, 1,200 வரை இன்னொன்று, அதற்கு மேலே விளைவது மலைநாட்டு உயர்தர டீ. நுவரெலியா டீக்கு மெல்லிய நிறமும் தனி மணமும் இருப்பது அந்த உயரத்தால். அந்தக் கொழுந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்துவருபவர்களில் பெரும்பாலானோர் இங்கிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் என்பது தனிக்கதை.

குன்னூரைத் தாண்டி அருவங்காடு, கேத்தி என்று போகும்போது படம் மறுபடி மாறும். பச்சைக் கம்பளம் மறைந்து, படிப்படியாக வெட்டிய வயல்கள் வரும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், உருளை, பூண்டு. கேத்தி பள்ளத்தாக்கை ஒரு வளைவிலிருந்து பார்த்தால், யாரோ கட்டம் போட்ட லுங்கியை விரித்துவைத்த மாதிரி இருக்கும்.

கேரட் ஏன் மலைக்குப் போச்சு?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யம். செடி பகலில் வெயிலை வைத்து சர்க்கரை தயாரிக்கிறது. ராத்திரியில் உயிர் பிழைக்க அதில் கொஞ்சத்தைச் செலவு செய்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் செலவு ஜாஸ்தி, குளிராக இருந்தால் மிச்சம் ஜாஸ்தி. அந்த மிச்சம்தான் கேரட்டின் இனிப்பு, உருளையின் மாவு. ராத்திரி வெப்பம் 20 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் உருளைச் செடி இலையாக வளருமே தவிர, மண்ணுக்கடியில் கிழங்கு சரியாகப் பிடிக்காது. உத்தரப்பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் சமவெளியிலேயே உருளை விளைகிறதே என்று கேட்கலாம். அவர்களுக்கு டிசம்பரில் குளிர்காலம் வீட்டு வாசலுக்கே வருகிறது. நமக்கு அது மலைமேல்தான் இருக்கிறது, நாம்தான் ஏறிப் போகணும்.

இன்னொரு லாபமும் உண்டு. நீலகிரி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் வயல் தூங்கும். இங்கே கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருஷத்தில் மூன்று போகம் ஓடும்.

ஆனால், இந்தக் காய்கறிகள் இந்த மலையின் பூர்வகுடிகள் இல்லை. படகர் மக்கள் ராகி, சாமை, கோதுமை, பார்லி பயிரிட்டார்கள். தோடர்கள் புல்வெளிகளில் எருமை மேய்த்தார்கள். 1819-ல் மலையேறி வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவனும் அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர்களும் தங்கள் ஊர் குளிரை இங்கே கண்டுபிடித்த சந்தோஷத்தில், தங்கள் ஊர் காய்களையும் கொண்டுவந்து நட்டார்கள். 'இங்கிலீஷ் காய்கறி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே மலைக்கு குறிஞ்சி என்று பெயர்வைத்து, அதன் உணவு தினையும் மலைநெல்லும் தேனும் என்று நிலத்தையும் சாப்பாட்டையும் ஒன்றாக எழுதிவைத்தவர்கள் நம் ஆட்கள். மீட்டர் கணக்கு மட்டும்தான் இல்லை.

உயரம் மட்டுமே எல்லாம் இல்லை பாஸ்

கூடலூரும் மசினகுடியும் கிட்டத்தட்ட ஒரே உயரம், 1,000 மீட்டரை ஒட்டி. காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். கூடலூரில் தேயிலை, காபி, மிளகு, இஞ்சி, பள்ளங்களில் நெல். மசினகுடியில் முள்காடு. காரணம், மழை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதுதான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, மேலே தள்ளப்பட்டு, குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காலி பை. இறங்கும் காற்று சூடாவதால் இருக்கிற ஈரமும் மழையாக மாறாது. 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் மேற்குப் பக்கம் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 140 செ.மீ அளவுக்குத்தான்.

அடுத்த ட்விஸ்ட், உறைபனி. மேலே போகப்போகக் குளிர் என்று இவ்வளவு நேரம் சொன்னோம் இல்லையா? டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் இந்த விதி தலைகீழாகும். மேகமில்லாத, காற்றசையாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஊட்டி குதிரைப் பந்தய மைதானமும் தலைக்குந்தாவும் விடிகாலையில் வெள்ளைவெளேர் என்று இருக்க, அதற்கு மேலே சரிவில் இருக்கும் வீட்டுத் தோட்டம் தப்பித்துவிடுகிறது. இன்ஸ்டாவுக்கு அது அழகான வெள்ளை. பள்ளத்தில் தேயிலை வைத்தவருக்கு அது கருகிய கொழுந்து. செடியின் திசுக்களுக்குள் இருக்கும் நீர் உறைந்து, வெயில் பட்டதும் இலை வெந்ததுபோல ஆகிவிடும். சிலர் காய்ந்த புல், தழைகளால் செடிகளை மூடிவைப்பார்கள். காய்கறி வயல்களில் வெயில் ஏறுவதற்குமுன் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டு பனியைக் கழுவுவார்கள். நாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற நேரத்தில் அவர்கள் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உறையும் அளவுக்குப் போகாத அதே குளிர், டீக்கு நல்லது. கொழுந்து மெதுவாக வளரும் அந்த மாதங்களில் எடுக்கும் நீலகிரி டீயை 'ஃப்ராஸ்ட் டீ' என்று தனியாகக் கொண்டாடுகிறார்கள்.

இப்போ அந்த 150-ஐ எடுங்க

150 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும் என்றால், பூமி 1 டிகிரி சூடானால் என்ன அர்த்தம்? பழைய குளிர் வேண்டுமென்றால் பயிர் 150 மீட்டர் மேலே ஏறணும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்கிறது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை. இது நாடு முழுமைக்குமான சராசரி, நீலகிரிக்கான தனிக்கணக்கு அல்ல. ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 100 மீட்டர் வருகிறது. யாரும் பிடித்துத் தள்ளாமலே வயல்கள் எல்லாம் 100 மீட்டர் கீழே இறங்கிவிட்ட மாதிரி.

சரி, மேலே ஏறிவிடலாமே? நீலகிரியின் உச்சமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டியிலிருந்து 400 மீட்டர்கூட இல்லை. 150-ஆல் வகுத்துப் பாருங்கள், 3 டிகிரிக்கும் குறைவு. அதற்கு மேல் மலை கிடையாது. உயரத்தில் மிச்சமிருக்கும் இடமும் சும்மா கிடக்கும் நிலம் இல்லை. முக்கூர்த்தி பக்கம் இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும்தான் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, பவானிக்கும் மோயாறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் அங்கேதான். அங்கே கேரட் போட்டால், கீழே இருக்கிற கேரட்டுக்கே தண்ணீர் இருக்காது.

செங்குத்துச் சரிவிலும் இதே பிரச்னை. வேர் பிடிமானமுள்ள மரத்தையோ தேயிலையையோ எடுத்துவிட்டு, வருஷத்துக்கு மூன்று முறை கிளறிவிடும் காய்கறிக்கு மாறினால் மண் நிற்காது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று கொட்டிய பேய்மழை முதல் காரணம். ஆனால், சரிவை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியும் அதற்குப் பிறகு பலமாகவே எழுந்தது.

விதைக் கிழங்கு, விதைப் பூண்டு, பருவம் மாற்றி நடுவது, வெப்பம் தாங்கும் ரகம் என்று விவசாயிகள் ஏற்கெனவே ஏதேதோ முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பழைய ராகிக்கும் சாமைக்கும் இப்போது நகரத்தில் மவுசு வந்திருப்பதால், அவையும் திரும்ப வரலாம். எனக்கென்னவோ அந்த நம்பிக்கை கொஞ்சம் இருக்கிறது. ஆனால், கேரட்டுக்குக் கிடைக்கிற வேகமான காசு சாமைக்குக் கிடைக்காதவரை, வெறும் ஆசையாகவே அது நின்றுவிடும்.

அடுத்த தடவை போகும்போது, போனில் உயரம் காட்டும் ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். பாக்கு எங்கே முடிகிறது, முதல் தேயிலைச் செடி எத்தனை மீட்டரில் வருகிறது, முதல் கேரட் வயல் எங்கே என்று குறித்துவையுங்கள். திரும்பும்போது, ஊட்டியில் காலியான தண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடி பைக்குள் போடுங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு முன்னால், மலையிலிருந்து இறங்கிய மூட்டைகளோடு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த இடத்தில் பாட்டிலை வெளியே எடுத்துப் பாருங்கள், யாரோ கையால் கசக்கிவிட்ட மாதிரி நசுங்கியிருக்கும்.