பதின்பருவத்தில் வீட்டுக் கல்விக்கு மாறுதல்

பள்ளியில் படித்துவந்த மாணவர் பதின்பருவத்தில் அதிலிருந்து விலகி, வீட்டிலிருந்தே படிப்பைத் தொடரும் முறை. உடல்நலக் குறைவு, சக மாணவரின் துன்புறுத்தல், விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, தேர்வு நெருக்கடி ஆகியவை இதற்கான காரணங்களுள் சில. இந்தியாவில் வீட்டுக் கல்விக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கே பொருந்தும்.

சிறுவயதில் தொடங்கும் வீட்டுக் கல்வியைப் போலன்றி, இங்கே சான்றிதழ் உடனடிக் கேள்வியாகிறது. பலர் நாடுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் தொடங்கிய இது, 14 வயது நிறைந்தவரைப் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேர்க்கிறது. ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கும். பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. நோயுற்ற மாணவருக்கு இது உண்மையான விடுதலை.

மணியடிப்புக்குப் பழகிய மாணவர் தம் நேரத்தைத் தாமே வகுக்கச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியைச் சோம்பலாகக் கருதி, பெற்றோர் வீட்டைப் பள்ளியாக்கிவிடுவது பொதுவான தவறு. நண்பர்களைப் பிரிவதும் பாடத்தைவிடக் கடினமான இழப்பாகலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சி வீட்டில் இயலாததால் கல்வி மையங்களைச் சார்ந்திருக்க வேண்டும். மீண்டும் பள்ளியில் சேர முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தேவைப்படலாம்.